நாற்பத்தெட்டுக்கு முப்பத்தாறு

ஜனவரி 12

என்னங்க,

திரைச்சீலையைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எழுதிய அளவுப்படியே நாற்பத்தெட்டு இஞ்ச் அகலம், முப்பத்தாறு இஞ்ச் உயரம். பதினான்கு வருடமாகத் துணி வெட்டுகிறேன், இத்தனை சுத்தமான அளவு என் கைக்கு வந்ததே இல்லை. எந்த ஜன்னலை அளந்தாலும் ஒரு நூல், இரண்டு நூல் ஒட்டிக்கொண்டு வரும். இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு நூல், உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் ஜன்னலுக்கு மட்டும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கட்டிய கொத்தனார் கெட்டிக்காரர்தான்.

துணி வெளிர் மஞ்சள். காலை வெயில் பட்டால் அறையே மஞ்சளாகும். இங்கே வெட்டு அறையில் பகலிலும் குழல் விளக்குதான். கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுபோல் தெரிகின்றன, போன வாரம் மறுபடியும் மாற்றி எடுத்து மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் கிளம்பின அன்று வாசலில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்களே, "ஜன்னல் இருக்கிற ரூம் கிடைக்கட்டும், மறுநாளே இவளைக் கூட்டிக்கிறேன்" என்று. ரூம் கிடைத்து ஏழு மாதம் ஆகிறது. மறுநாள் இன்னும் வரவில்லை. பரீட்சை முடியட்டும் என்கிறீர்கள், சரி.

மாலை வகுப்பில் இப்போது எண்கள் நடக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது இயல் எண்ணாம். பூஜ்ஜியத்தையும் சேர்த்துக்கொண்டால் முழு எண்ணாம். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் இறங்கிப் போனால் மொத்தத்துக்கும் முழுக்கள் என்று பேராம். டீச்சர் பலகையில் குறை ஒன்று, குறை இரண்டு என்று எழுதிக்கொண்டே போனாள். என் பக்கத்தில் உட்காரும் பேக்கரிக்கார அம்மா கேட்டே விட்டாள்: "டீச்சர், ஒண்ணுமே இல்லைன்னா இல்லை. இல்லாததுக்குக் கீழே என்ன இருக்கு?" வகுப்பே சிரித்தது. எனக்கும் அதே சந்தேகம்தான், கேட்க வெட்கம். குறை இரண்டு சட்டையை யார் பார்த்தது? நீங்கள் மாடிக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவர். ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்கள்.

இன்னொன்று. இரண்டாம் மாடியில் இருப்பவருக்குப் போன் சிக்னல் ஏன் கிடைக்க மாட்டேன் என்கிறது? ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தெருவுக்கு வந்து கூப்பிட்டாலும் உங்கள் அக்கா போனைப் பிடுங்கிக்கொள்கிறார். எனக்கு மிஞ்சுவது "வெச்சுடட்டுமா" மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்ட வேண்டியிருக்கிறது.

உங்கள் கத்திரி

ஜனவரி 25

கத்திரி,

திரை வந்தது. அன்றைக்கே மாட்டிவிட்டேன். அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது. வேலை முடிந்து வந்ததும் அதன் எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தது போல இருக்கிறது.

சிக்னலைக் கேட்டாய். இது பழைய கட்டிடம், தடித்த சுவர். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

பூஜ்ஜியத்துக்குக் கீழே எனக்கு என்ன தெரியும்? குளிர்பெட்டியில் ஐஸ் வைக்கிற தட்டு இருக்கிறதே, அங்கே குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். அதையே எழுதிவிடு. மேலே இருக்கிற எண்களைப் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன். லிஃப்டுக்கு முழுசு மட்டும்தான் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டேகால் என்று ஒரு மாடி கிடையாது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றால் அதற்குக் கோளாறு என்று பேர். முந்தாநாள் ஒரு வக்கீல் அப்படி மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் அந்தரத்தில் தொங்கினார். கதவை நெம்பித் திறந்தேன். "எத்தனாவது மாடிய்யா இது?" என்றார். "மாடியே இல்லீங்க, கையைக் கொடுங்க" என்றேன்.

நானும் கொஞ்ச நாளாக அப்படித்தான் இருக்கிறேன். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. நீ தலை வாரிக்கொள்ளும்போது வாயில் கவ்விக்கொள்ளும் கறுப்பு கிளிப் ஒன்று என் பெட்டியில் வந்துவிட்டது. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. அவசரம் ஒன்றுமில்லை.

லிஃப்ட்காரன்

பிப்ரவரி 9

என்னங்க,

உங்கள் குளிர்பெட்டியை டீச்சரிடம் கொண்டுபோனேன். "தப்பில்லை. ஆனா அங்க குறை பதினெட்டரையும் வருமே. முழுக்கள்னா நடுவுல எதுவும் நிக்கக் கூடாது. முழுசு முழுசா இறங்கற மாதிரி ஒண்ணு யோசிச்சுட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். ஆக, நீங்கள் ஃபெயில்.

ஆனால் அவள் சொன்னதில் ஒன்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "எண்ணறது வேற, அளக்கறது வேற" என்றாள். பொத்தானை எண்ணினால் முழுசாகத்தான் வரும். ஆறு பொத்தான், ஏழு பொத்தான், நடுவில் ஒன்றும் கிடையாது. துணியை அளந்தால் அப்படி வராது. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஏழரை, ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில் ஏழேகால், நறுக்க நறுக்க வந்துகொண்டே இருக்கும். அப்படி நறுக்கியும் பிடிபடாத எண்கூட இருக்கிறதாம். பத்து இஞ்ச் சதுரக் கைக்குட்டையின் மூலைக்கு மூலை அளந்து பார்க்கச் சொன்னாள். பதினான்கு இஞ்ச், ஒரு நூல், அதற்கு மேலும் ஒரு மயிரிழை. எந்தப் பின்னத்திலும் அது கச்சிதமாக அடங்காது என்றாள். தினமும் கைக்குட்டை வெட்டுகிற எனக்கு இது இத்தனை நாள் தெரியவில்லை.

இப்போது சேதி. பரீட்சை ஏப்ரல் 6. உங்கள் ஊர்த் தையல் தொழிற்சாலையிலிருந்து பதில் வந்துவிட்டது. சான்றிதழ் கையில் இருந்தால் வெட்டுப் பிரிவில் எடுத்துக்கொள்கிறார்களாம். இனி எந்தச் சாக்கும் இல்லை, உங்களுக்கும் எனக்கும். நீங்கள் கிளம்பி இரண்டு வருடம், ஒரு மாதம், ஆறு நாள். நான் எண்ணத்தான் எண்ணினேன், ஆனால் போன நேரத்தைப் பார்த்தால் அளந்த மாதிரி இருக்கிறது, முடியவே மாட்டேன் என்கிறது.

அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் வந்து ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போகட்டுமா? உங்கள் அக்காகூட "போய்ப் பார்த்துட்டு வாயேன், அவன் எலும்பும் தோலுமா இருப்பான்" என்கிறார்.

கத்திரி

பிப்ரவரி 18

கத்திரி,

இப்போது வராதே. மூன்று லிஃப்டுக்கும் கம்பி மாற்றுகிறோம், எனக்கு நிற்க நேரமில்லை. வந்தால் உன்னோடு ஐந்து நிமிடம் உட்கார முடியாது. படிப்பும் கெடும். பரீட்சை முடியட்டும், பேசலாம்.

கோபித்துக்கொள்ளாதே.

லிஃப்ட்காரன்

மார்ச் 16

கத்திரி,

மூன்று ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுவிட்டேன். "குளிக்கிறா", "கடைக்குப் போயிருக்கா", "தலைவலியாம்" என்று அக்கா சொல்கிறாள். அக்காவுக்குப் பொய் சொல்ல வராது, குரலிலேயே தெரிந்துவிடுகிறது. கடிதமும் இல்லை. நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

மார்ச் 20

இந்தக் கடிதத்தை உங்களிடம் எடுத்துக் கொடுக்கப்போகிறவருக்கு முதலில் என் வணக்கம்.

வராதே என்றீர்கள். அதனால்தான் வந்தேன். பிப்ரவரி 27, பிற்பகல். ஜன்னலை அளந்து பார்க்கலாம் என்று இஞ்ச் டேப்பைக் கையிலேயே வைத்திருந்தேன். உங்கள் கட்டிடத்தில் தரைத்தளத்துக்குப் பூஜ்ஜியம் என்று போட்டிருந்தது. டீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், அத்தனை சந்தோஷத்தில் இருந்தேன். இரண்டை அமுக்கினேன். நீங்கள் எழுதியபடியே இடப்பக்கம் முதல் கதவு.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் திறந்தார். "லிஃப்ட் மெக்கானிக் வீடு..." என்று இழுத்தேன். "வர்ற நேரம்தாங்க, உள்ளே வந்து உட்காருங்க" என்றார். அவர் தோளுக்கு மேல் அலமாரி தெரிந்தது. பால் புட்டிக்குப் பக்கத்தில் ஐந்து நாள் முன்னால் நான் போட்ட கடிதம், இன்னும் பிரிக்காமல். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஜன்னலையும் பார்த்தேன். தொழில் புத்தி, அந்த நேரத்திலும் விடவில்லை. நாற்பது இஞ்சுக்கு மேல் தேறாது. பூப்போட்ட திரை. என் மஞ்சள் இல்லை.

"வீடு தப்புங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினேன். உங்கள் லிஃப்டில் ஏறப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து உங்கள் அக்காவிடம், வண்டி கிடைக்கவில்லை, பாதி வழியில் திரும்பிவிட்டேன் என்றேன். நானும் அளந்துவிடக் கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாம்.

மார்ச் 28

கத்திரி,

உன் கடிதத்தை நர்சம்மா நீட்டியபோது முதல் வரியைப் படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். "கையில் டேப்போட ஒருத்தங்க வந்தாங்களே, அவங்களா?" என்றார். வீடு தப்பு என்று நீ போய்விட்டதால் அதுவரை அவர் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் கப்பலில் வேலை, வருடத்துக்கு ஒருமுறை வருவார். அது அவர்கள் வீடு. அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், எனக்கு வரும் தபாலை வாங்கி வைக்கும்படி. தினமும் பிற்பகலில் ஏறிப் போய் எடுத்துக்கொள்வேன்.

நான் இரண்டாம் மாடியில் இல்லை. குறை இரண்டில் இருக்கிறேன்.

பட்டன் பலகையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இன்னும் இரண்டு பட்டன் உண்டு, நீ கவனித்திருக்க மாட்டாய். குறை ஒன்றில் வண்டிகள் நிற்கும். குறை இரண்டுக்குச் சாவி போட்டால்தான் லிஃப்ட் இறங்கும். அங்கே தண்ணீர் பம்ப், அதன் பக்கத்தில் என் அறை. ஜன்னல் இல்லை, சிக்னல் இல்லை, பகலா இரவா என்று கடிகாரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நீ கேட்ட உதாரணத்தில்தான் கத்திரி நான் குடியிருக்கிறேன். முழுசு முழுசாக இறங்குகிற உதாரணம். இதைவிட நல்லது உன் டீச்சருக்கே கிடைத்திருக்காது. சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்று உன்னைக் குளிர்பெட்டிக்கு அனுப்பினேன்.

வாசலில் எல்லோர் முன்னாலும் வாய் விட்டுவிட்டேன். ஜன்னல் இருக்கிற அறைக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. கம்பெனி இதைக் கொடுத்தது. முதல் கடிதத்தில் குறைக்குறியோடு இரண்டு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். குறியை மட்டும் விட்டுவிட்டேன். சின்னக் கோடுதானே என்று நினைத்தேன். பிறகு நீ ஜன்னல் அளவு கேட்டாய், வாய்க்கு வந்ததை எழுதினேன். ஒரு பொய்க்கு ஒன்பது பொய். நீ பாஸாக வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன், ஆகக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இந்த ஒன்றுக்காக நீ என்னை எதனால் அடித்தாலும் தகும்.

திரையை மாட்டினேன் என்று எழுதியது பொய்யில்லை. வெறும் சுவரில் இரண்டு ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். விலக்கினால் சுவர். அதனால் விலக்குவதில்லை. பின்னால் ஜன்னல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்காருவேன், ஜன்னலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்து நூலின் நிறம் பார்ப்பாய்.

மின்சாரம் போய் வந்தால் எங்கள் லிஃப்டுக்குத் தான் எந்த மாடியில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். தானாகக் கடைசி மாடி வரைக்கும் இறங்கும். அங்கே தொட்டுவிட்டு, அங்கிருந்து மறுபடி எண்ண ஆரம்பிக்கும். நானும் கீழேயிருந்தே ஆரம்பிக்கிறேன். குறை இரண்டு. இதற்குக் கீழே என்னிடம் வேறு மாடி இல்லை.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 8

முந்தாநாள் பரீட்சை. உங்கள் கடிதம் அதற்கு முதல் நாள் வந்தது. படித்துவிட்டு எதையும் படிக்க முடியவில்லை.

கணக்குத் தாளில் கேட்டிருந்தார்கள்: குறை இரண்டிலிருந்து இரண்டுக்கு எத்தனை? எல்லோரும் எண்கோட்டைப் படுக்கப் போடுவார்கள். நான் நிற்க வைத்துப் போட்டேன். நடுவில் பூஜ்ஜியம், அதற்கு ஒரு கதவு. மேலே இரண்டு மாடி, கீழே இரண்டு மாடி. நாலு. பேனாவை வைத்துவிட்டு அழுதேன். மேற்பார்வைக்கு வந்தவர் "கஷ்டமா இருந்தா அடுத்த கேள்விக்குப் போங்கம்மா" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் நாலு முழு மாடியை மறைத்தீர்கள். நர்சம்மாவைப் பற்றி நான் நினைத்ததற்கு எனக்கே நாக்கு கூசுகிறது, அவரிடம் சொல்லுங்கள். ஆனால் உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஜன்னல் கேட்டது யார்? நானா கேட்டேன்? வெட்டு அறையில் வெளிச்சம் இல்லை என்று சொன்னேன், நீங்களாக வாயைக் கொடுத்தீர்கள். நான் கேட்டது உங்களை. பொய் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். "வராதே" என்று எழுதினீர்களே, அந்த ஒரு வார்த்தை இன்னும் உள்ளே குத்துகிறது.

எனக்கு என் மேலும் கோபம். நாற்பத்தெட்டுக்கு முப்பத்தாறு. நாலு அடிக்கு மூன்று அடி. எண்ணினால் முழுசாக வரும், அளந்தால் வராது என்று நானே உங்களுக்குப் பாடம் எழுதினேன். எழுதும்போது உறைக்கவில்லை. டேப்பை வைத்துப் பார்த்த எவனும் அப்படி ஒரு அளவை எழுதமாட்டான்.

ஒன்று செய்யுங்கள். அந்த அறையை அளந்து அனுப்புங்கள். சுவர், கதவு, கட்டில், எல்லாம். நூல் கணக்கோடு. ஒரு அளவு முழுசாக இருந்தாலும் அதற்குப் பிறகு உங்களுக்குக் கடிதம் வராது.

ஏப்ரல் 17

கத்திரி,

நர்சம்மாவிடம் டேப் வாங்கினேன். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்தேன்.

நீளம் ஒன்பது அடி, இரண்டு இஞ்ச், ஐந்து நூல். அகலம் ஏழு அடி, பத்து இஞ்ச், ஒரு நூல். எதிர்ச் சுவரில் அளந்தால் மூன்று நூல் வருகிறது, சுவர் கோணல். கதவு முப்பது இஞ்ச், ஆறு நூல். கூரையை ஒட்டி ஒரு காற்றுத்துளை, பதினொரு இஞ்ச் இரண்டு நூலுக்கு ஐந்து இஞ்ச் ஏழு நூல். அதில் வெளிச்சம் வராது, மேலே யாராவது வண்டியைக் கிளப்பினால் சத்தம் வரும். கட்டில் அகலம் இருபத்தொன்பது இஞ்ச், மூன்று நூல்.

உன் திரையையும் அளந்தேன். நாற்பத்தெட்டு இஞ்சுக்கு ஒரு நூல் குறைகிறது. துவைத்ததில் சுருங்கியிருக்கும். இங்கே தூசி அதிகம், வாரம் ஒருமுறை துவைக்கிறேன்.

நர்சம்மாவிடம் நீ சொன்னதைச் சொன்னேன். "நானா இருந்தா வீடு தப்புன்னு சொல்லிட்டு சும்மா போயிருக்க மாட்டேன்" என்றார். நூல் நிறம் பார்க்க அவர் வீட்டு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும் என்று உன்னிடம் சொல்லச் சொன்னார்.

வராதே என்று எழுதிய கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துப் போடு. வா. இந்த வார்த்தையை எழுத எனக்குப் பத்து மாதம் ஆகிவிட்டது. வராவிட்டாலும் நான் குறை சொல்ல முடியாது. ஆனால் வா.

லிஃப்ட்காரன்

ஜூன் 2

என்னங்க,

பாஸ். கணக்கில் நிற்க வைத்துப் போட்ட கோட்டுக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். டீச்சர் அந்த உதாரணத்தைக் கேட்டுவிட்டு "யார் சொன்னது?" என்றாள். "எங்க வீட்டுக்காரர். அவரே அதுலதான் இருக்கார்" என்றேன். பேக்கரிக்கார அம்மாவுக்கு இப்போது சந்தேகம் தீர்ந்துவிட்டது. இல்லாததுக்குக் கீழே ஆள் குடியிருக்கிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். உங்கள் தோள் பதினெட்டரை இஞ்ச், நான் தைக்காத சட்டையா? என் தோள் பதினான்கு இஞ்ச், ஆறு நூல். இரண்டையும் கூட்டினால் முப்பத்து மூன்றே கால். கட்டில் இருபத்தொன்பது இஞ்ச், மூன்று நூல். கட்டிலிலிருந்து நம்மைக் கழித்தால் குறை மூன்று இஞ்ச், ஏழு நூல். குறைக்குறி இருந்தாலும் இது முழுக்களில் சேராது, நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறதே. அதனால்தான் நம்பினேன்.

இத்தனை நாள் அளவு பார்த்தே பிழைத்தவள் சொல்கிறேன், நாம் இரண்டு பேரும் அந்தக் கட்டிலில் அடங்கமாட்டோம். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டும். ஆனால் ஆளை எண்ணினால் இரண்டு. அதில் நூல் கிடையாது.

கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது, நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன். உறையில் விலாசத்தைக் குறியோடு எழுதியிருக்கிறேன். தபால்காரர் விழித்தால் நீங்கள் மேலே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பதினெட்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நீங்கள் பூஜ்ஜியத்தில் நில்லுங்கள். சாவியை நீங்கள் போடுங்கள், பட்டனை நான் அமுக்குகிறேன்.

உங்கள் கத்திரி